நூறு வரை சொல்லும் குழந்தைக்கு ஐந்து தெரியுமா?

வீட்டுக்கு யாராவது வந்தால் நம் வேலூர்ப் பக்கத்தில் தவறாமல் நடப்பது ஒன்று உண்டு. காபி வருவதற்குள் குழந்தையைக் கூப்பிட்டு, "மாமாவுக்கு நூறு வரைக்கும் சொல்லிக் காட்டு" என்பார்கள். குழந்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். இருபத்தொன்பதில் கொஞ்சம் தடுக்கும். "முப்பது" என்று எடுத்துக் கொடுத்தால் மறுபடி ஓடும். எல்லோரும் கைதட்டுவார்கள். அதே குழந்தையிடம், "உள்ள போய் ஏழு சின்ன வெங்காயம் எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். நான்கு வயதுக்கு உட்பட்டது என்றால் பெரும்பாலும் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வரும்.

குழந்தை மக்கு என்றோ, கவனம் இல்லை என்றோ நினைக்க வேண்டாம். எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது ஒரு திறமை. ஏழு என்றால் எவ்வளவு என்று தெரிவது வேறொரு திறமை. முன்னது பாட்டுப் போல நாக்கில் ஏறிவிடும். டிவியும் போனும் கூட அதைச் சொல்லிக் கொடுத்துவிடும். பின்னதற்கு மாதக்கணக்கில் ஆகும். கை பொருளைத் தொட்டு நகர்த்த வேண்டும், பக்கத்தில் பேச்சுக் கொடுக்க ஒரு பெரியவர் வேண்டும். இரண்டரை வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு வீட்டிலேயே, காசு செலவில்லாமல், விளையாட்டாகச் செய்யக்கூடிய சிலவற்றை இங்கே சொல்கிறேன். அதற்கு முன்னால், எண்ணுவது என்றால் என்ன என்று கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

எண்ணுவதற்குள் என்ன இருக்கிறது?

நமக்கு எண்ணுவது ஒரே வேலையாகத் தெரிகிறது. 1978 இல் ரோச்சல் கெல்மன், சி. ஆர். கேலிஸ்டல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அதை ஐந்து விதிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண். எதையும் இரண்டு தரம் எண்ணக் கூடாது, எதையும் விட்டுவிடக் கூடாது. எண்ணின் பெயர்கள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வர வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். கத்தரிக்காயை மட்டும் இல்லை, கைதட்டலையும் எண்ணலாம், நேற்று வந்த விருந்தாளிகளையும் எண்ணலாம். இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும் நடுவிலிருந்து எண்ணினாலும் மொத்தம் மாறாது.

நூறு வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு இந்த ஐந்தில் வரிசை ஒன்றுதான் கைவந்திருக்கிறது. மற்ற நான்கும் பாக்கி.

அந்த நான்கில் கடினமான ஒன்று, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்ற விதி. குடியாத்தம் பக்கத்தில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் பார்த்தேன். ஆயா முறத்தில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வைத்துக்கொண்டு காம்பு நறுக்கிக்கொண்டிருந்தார். புவிசார் குறியீடு வாங்கிய அதே காய்தான். காம்பில் முள் இருக்கும், பிரியாணிக்கு அந்த எண்ணெய்க் கத்தரிக்காய் இல்லாமல் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். மூன்றரை வயதுப் பேத்தி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"எண்ணு கண்ணு."

முள் குத்தாமல் ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்றாள். ஒன்றும் தப்பவில்லை.

"எத்தினி இருக்குது?"

மறுபடி முதலிலிருந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

"அதான், எத்தினி?"

மூன்றாவது முறையும் எண்ண ஆரம்பித்தாள். ஆயாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்த வயதில் இது அப்படியே எதிர்பார்க்க வேண்டியது. "எத்தனை?" என்று கேட்டால் எண்ணிக் காட்டச் சொல்கிறார்கள் என்றுதான் அவள் புரிந்துகொள்கிறாள். கடைசியில் வந்த "அஞ்சு" அந்த ஐந்தாவது காய்க்கு மட்டும் வைத்த பெயர் இல்லை, முறத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்ன பதில் என்பது இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை.

கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் இதைச் சோதித்த விதம் நாம் வீட்டில் செய்யக்கூடியதே. பொம்மை ஒன்றை முன்னால் உட்கார வைத்து, குவியலிலிருந்து "மூணு எடுத்துக் கொடு" என்று கேட்பது, அவ்வளவுதான். பத்து வரை பிழையில்லாமல் சொல்லும் பிள்ளை, ஒன்று கேட்டால் ஒன்று கொடுக்கும். இரண்டோ மூன்றோ கேட்டால் அள்ளிக் கொடுக்கும். சில மாதம் கழித்து இரண்டு கேட்டாலும் சரியாக வரும். அப்புறம் மூன்று. இப்படி ஒவ்வொரு படியாக ஏறி, மூன்று நான்கு எண்கள் பிடிபட்ட பிறகு ஒருநாள் மொத்தமாகத் திறந்துகொள்ளும். அதற்குப் பிறகு ஐந்து, ஆறு, எட்டு எதைக் கேட்டாலும் எண்ணி எடுத்துக் கொடுக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டரை வயதிலிருந்து நான்கு வயதுக்குள் இது நடக்கிறது. முன்னே பின்னே ஆவதும் சகஜம்.

ஆகவே வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது நாம் கேட்கும் கேள்வியை. "எண்ணு" என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டு "எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். இரண்டு தெரிந்த குழந்தையிடம் மூன்று கேளுங்கள், பத்து கேட்க வேண்டாம். அது கொண்டுவந்ததும் நீங்களே சேர்ந்து எண்ணி, கையால் ஒரு வட்டம் போட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு தக்காளி!" என்று மொத்தத்தையும் பொருளின் பெயரையும் சேர்த்துச் சொல்லி முடியுங்கள். சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்கும் வேலையைக் குழந்தைக்கே விடலாம். அப்பாவுக்கு ஒன்று, ஆயாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு தட்டாக வைப்பதில் முதல் விதி தானாக வந்துவிடுகிறது. ஒரு தட்டு குறைந்தால் யாரோ ஒருவர் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தப்பு என்று நாம் சொல்லவே வேண்டாம்.

எந்த மொழியில் எண்ணுவது என்று சிலர் கவலைப்படுகிறார்கள். வேலூரில் தமிழ் பேசும் வீட்டுக்குப் பக்கத்து வீடு உருது பேசும், எதிர்வீடு தெலுங்கு பேசும். பள்ளியில் ஒன், டூ, த்ரீ. வீட்டில் எது புழங்குகிறதோ அதில் தொடங்குங்கள். ஒரு மொழியில் மொத்தம் என்றால் என்ன என்று பிடிபட்ட பிள்ளை அதை இன்னொரு மொழியில் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை.

புளியங்கொட்டையும் பல்லாங்குழியும்

மாசி, பங்குனியில் புளி உலுக்கி, வீட்டு வாசலில் தட்டிக் கொட்டை எடுக்கும் காலம் வரும்போது ஒரு டப்பா கொட்டையைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுக்க உதவும். ஆனால் மூன்று வயதுக்குள் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் கொட்டை வேண்டாம். வாயில் போடும், மூக்கில் திணிக்கும், மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த வயதுக்கு எலுமிச்சை, உருளைக்கிழங்கு, பெரிய மூடிகள் போதும். பெரிய பிள்ளைகளாக இருந்தாலும் குன்றிமணியை விளையாடக் கொடுக்கவே கூடாது. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்துப் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே கடுமையான விஷம்.

பல்லாங்குழியில் ஆளுக்கு ஏழு குழியாக 14 குழி. அள்ளிய காய்களைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். "ஒரு பொருளுக்கு ஒரு எண்" என்ற விதிக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சியை யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. ஒரு குழியில் இரண்டு போட்டாலோ ஒரு குழியைத் தாண்டிவிட்டாலோ எதிரில் இருப்பவர் விடமாட்டார். பல இடங்களில் ஆடும் முறையில், ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்ததும் அது "பசு". குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பசுவுக்காகவே பிள்ளைகள் நான்கை எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கப் பழகிவிடுகிறார்கள். மூன்று நான்கு பொருள் வரை எண்ணாமலே சொல்லிவிடும் திறன் மனிதக் கண்ணுக்கு உண்டு. அதற்கு மேல் போனால்தான் எண்ண வேண்டியிருக்கிறது.

பலகை இல்லையா? கடையில் முட்டை வைத்துத் தரும் 30 குழி அட்டையில் ஒரு வரிசைக்கு ஆறு. இரண்டு வரிசையைச் சேர்த்து வெட்டினால் 12 குழி. சின்னப் பிள்ளைக்கு அது தாராளம். குழிக்கு மூன்று காயில் தொடங்குங்கள், ஐந்து வேண்டாம். ஆட்டம் நீண்டால் எழுந்து போய்விடும்.

மே மாதக் கத்திரி வெயிலில் இங்கே நாற்பது டிகிரியைத் தாண்டிவிடும். பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை பிள்ளைகளை வெளியே விட முடியாது. அந்த நேரத்துக்கு உள்ளதுதான் பல்லாங்குழியும் தாயமும் பரமபதமும். நம் பாட்டிமார் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று நினைத்து ஆடவில்லை, வெயிலைக் கழிக்க ஆடினார்கள்.

பரமபதத்தில் ஒரு சின்னத் திருத்தம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் அமெரிக்காவில் வருமானம் குறைந்த வீடுகளின் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளோடு ஒரு ஆய்வு செய்து 2008 இல் வெளியிட்டார்கள். ஒரு நேர்கோட்டில் 1 முதல் 10 வரை எண் எழுதிய கட்டங்கள். சுழற்றி வரும் எண்ணுக்குத் தக்கபடி காயை நகர்த்த வேண்டும். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்டம், எண்ணுக்குப் பதில் வண்ணம். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போல, சில முறை ஆடியதிலேயே எண் அட்டையில் ஆடிய பிள்ளைகளுக்கு எது பெரிய எண், எது எங்கே வரும் என்ற தெளிவு நன்றாகக் கூடியிருந்தது. வண்ண அட்டையில் ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது நகர்த்தும்போது வாய் என்ன சொல்கிறது என்பது. நாம் பரமபதம் ஆடும்போது, காய் 17இல் இருந்து மூன்று விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லித் தாவுகிறோம். அப்படிச் சொன்னால் கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் கண் பார்ப்பதே இல்லை. "பதினெட்டு, பத்தொன்பது, இருபது" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் மெதுவாகப் போகும், பிள்ளை சிணுங்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும். நூறு கட்டம் மலைப்பாக இருந்தால், வாசலில் கரித்துண்டால் பத்துக் கட்டம் கிழித்து எண் எழுதிப் பாண்டி போல நொண்டி அடிக்க விடுங்கள். கால் எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்த எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவே சட்டம்.

பத்துத் தீப்பெட்டி, 45 கொட்டை

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் முடியும் வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் பள்ளிகளில் ஒரு மரப்பெட்டி உண்டு. 0 முதல் 9 வரை பத்து அறைகள், மொத்தம் 45 மரக் குச்சிகள். எண்ணுக்குத் தக்கபடி குச்சிகளை அறையில் போட வேண்டும். கடையில் வாங்கினால் விலை அதிகம். குடியாத்தம் தீப்பெட்டி செய்யும் ஊர். காலிப் பெட்டிக்கா நம் வீட்டில் பஞ்சம்?

பத்து உள்தட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் முகப்பிலும் 0 முதல் 9 வரை எழுதி வரிசையாக வையுங்கள். 45 புளியங்கொட்டையை எண்ணிக் கிண்ணத்தில் கொடுங்கள். ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 45. எல்லாம் சரியாகப் போட்டால் கிண்ணம் காலியாகும். கடைசித் தட்டுக்கு ஒரு கொட்டை குறைந்தாலோ, கிண்ணத்தில் இரண்டு மிஞ்சினாலோ எங்கோ தவறியிருக்கிறது என்று குழந்தைக்கே தெரிந்துவிடும். நம் வேலை சும்மா உட்கார்ந்திருப்பது. பெற்றோருக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், கை பரபரக்கும்.

பூஜ்யத் தட்டைக் காட்டி, "இதுல என்ன போடணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் ஒரு கொட்டையாவது போட்டுவிடத் துடிக்கும். ஒன்றும் போடாமல் விடுவதும் ஒரு பதில் என்பது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை.

தொட முடியாததை எண்ணுவது

கையால் தொட்டு எண்ணுவது நன்றாக வந்த பிறகு, தொட முடியாதவற்றுக்குப் போகலாம். சமையலறையில் தயாராக இருப்பது குக்கர் விசில். "மூணு விசில் வந்ததும் சொல்லு, அடுப்பை அணைக்கணும்" என்று பொறுப்பைக் கொடுங்கள். இரண்டு விசிலுக்கு நடுவில் சில நிமிடம் போகும். அதற்குள் பொம்மையை எடுக்கப் போய்விட்டால் எத்தனையாவது என்று மறந்துவிடும். விசிலுக்கு ஒரு கொட்டையை எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னால் கணக்குத் தப்பாது. காதில் விழுந்ததைக் கையில் உள்ள பொருளாக மாற்றிக் கணக்கு வைக்கிறது. அடுப்புப் பக்கம் மட்டும் விடாதீர்கள், கதவருகிலிருந்து கேட்டால் போதும்.

காட்பாடியில் இருப்பவர்களுக்குச் சரக்கு ரயில் இருக்கிறது. நகரும் பெட்டியை எண்ணுவது ஆறு வயதுக்கும் சவால்தான், முதல் பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பஸ் நம்பர் படிக்கப் பழக்குவதும் நல்லதே. காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே ஓடும் 1, 2ஆம் நம்பர் டவுன் பஸ்களைப் பார்த்து எழுத்தறியாப் பிள்ளைகள்கூட எண்ணைச் சொல்லிவிடும். ஆனால் அந்த 2, இரண்டு பஸ் என்ற அர்த்தத்தில் இல்லை. அது வெறும் அடையாளம். குழந்தை குழம்பிக் கேட்டால் குழப்பம் நியாயமானது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தப்பாகச் சொன்னாலும் விட்டுவிட வேண்டிய ஒன்று

ஐந்து வயதுப் பிள்ளை முன்னால் இரண்டு வரிசையாக, வரிசைக்கு ஆறு ஒரு ரூபாய் நாணயம் நேருக்கு நேர் வையுங்கள். இரண்டிலும் சமமாக இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்னும். கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பிவிட்டு, இப்போது எதில் அதிகம் என்று கேளுங்கள். நீளமான வரிசையில்தான் என்று அடித்துச் சொல்லும். மோரைக் குட்டை டம்ளரிலிருந்து ஒடுங்கிய உயர டம்ளருக்கு மாற்றினாலும் அதே கதை. உயரத்தைப் பார்த்து "இதுலதான் நெறய" என்று அதைப் பிடுங்கிக்கொள்ளும்.

ஆசிரியர் பயிற்சி படித்தவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்த, சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் சோதனை இது. பரப்பினாலும் எண்ணிக்கை மாறாது என்பது பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில்தான் உறுதிப்படுகிறது. விளக்கிச் சொல்லி வரவைக்க முடியாது. தண்ணீர்த் தொட்டியில் சொம்பும் டம்ளருமாக ஊற்றி ஊற்றி விளையாட விடுவது உதவும். கேள்வியை இரண்டாம் முறை கேட்க வேண்டாம். முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று நினைத்து, சரியான பதிலைக்கூட மாற்றிவிடுவார்கள்.

எண்ணிப் பழக நம் பக்கத்துக்கு இன்னொன்றும் வாய்த்திருக்கிறது: மார்கழிக் கோலம். ஐந்துக்கு மூன்று ஊடுபுள்ளி என்றால் 3, 4, 5, 4, 3 என்று ஐந்து வரிசை, மொத்தம் 19 புள்ளி. நாலு வயதுக்குச் சிக்கு இழுக்க வராது; ஆனால் ஒரு கிள்ளு மாவு, ஒரு புள்ளி என்று வைக்க வரும். ஏறி இறங்கும் அந்த வரிசையைத் தினமும் பார்க்கிற பிள்ளை ஒன்று கூட்டுவதையும் ஒன்று குறைப்பதையும் காலடியிலேயே பார்த்துவிடுகிறது.

எழுதுவது கடைசியில்

எண்ணைச் சிலேட்டில் எழுதச் சொல்வதைத்தான் நிறைய வீடுகளில் முதலில் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் வர வேண்டியது என்பது என் கட்சி. பென்சில் பிடிக்க விரல் நுனிக்குப் பலம் வேண்டும். அதற்குத் தை மாதத்தில் நம் வீடுகளில் நடக்கும் வேலை ஒன்று போதும்: பிதுக்கம்பருப்பு. ஊறவைத்த பச்சை மொச்சையை இரண்டு விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு தெறித்து எங்கேயாவது போய் விழும். பிள்ளைகளுக்கு அந்தத் தெறிப்பு அலுக்கவே அலுக்காது. குழம்புக்குப் பருப்பும் ஆயிற்று, விரலுக்கு வேலையும் ஆயிற்று. நடுவில் "எனக்கு அஞ்சு பருப்பு கொடு" என்று கையை நீட்டினால் எண்ணும் ஆயிற்று.

பிறகு தாம்பாளத்தில் ரவையோ மணலோ பரப்பி விரலால் எழுத விடலாம். அழிக்க ஒரு குலுக்கல் போதும், பயம் இருக்காது. அரசுப் பள்ளிகளில் 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஆடல், பாடல், பொருள்களை வைத்துத்தான் சின்ன வகுப்புகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். வீட்டில் இப்படி விளையாடிய பிள்ளைக்கு வகுப்பறை அந்நியமாக இருக்காது.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும், குழந்தை எழுந்துபோனால் ஆட்டம் முடிந்தது. ஆறு வயது நெருங்கியும் மூன்று நான்கு பொருளைக்கூட எண்ணி எடுத்துத் தர முடியவில்லை என்றால் ஆசிரியரிடமும் குழந்தை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காதும் கண்ணும் சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி 3ஐயும் 7ஐயும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதுவது ஏழு வயது வரைக்கும் வெகு சாதாரணம். அதற்காகப் பத்துப் பக்கம் எழுதச் சொல்லி உட்கார வைக்காதீர்கள்.